கோடியக்கரைக்குப் போய் ஒரு மான்கூடப் பார்க்காமல் திரும்பினோம். மறுபடி போகலாமா?

மலைக்கோட்டைப் பொண்ணு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன ஆயுத பூஜை லீவில் திருச்சியிலிருந்து குடும்பத்தோடு கோடியக்கரை போனோம். காலை ஏழு மணிக்குக் கிளம்பி, தஞ்சாவூரில் டிபன், மன்னார்குடியில் டீ, வேதாரண்யம் கோயிலில் தரிசனம் என்று நிதானமாகப் போனதில் சரணாலய கேட்டைத் தொட்டபோது மணி பன்னிரண்டரை. டிக்கெட் வாங்கி உள்ளே போய் ஒரு மணி நேரம் காரிலேயே சுற்றினோம். பார்த்தது என்ன தெரியுமா? ஒரு குரங்குக் கூட்டம், முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற ஒரு குதிரை, அவ்வளவுதான். என் பையன் கையிலிருந்த முறுக்குப் பாக்கெட்டை ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு போனதுதான் அன்றைய ஒரே வனவிலங்கு அனுபவம். அவனுக்கு ஒன்பது வயசு. "மான் சரணாலயம்னு போர்டு போட்டிருக்கே, மான் எங்கம்மா?" என்று திருத்துறைப்பூண்டி வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தான்.

பிப்ரவரி முதல் வாரம் மறுபடி போகலாமா என்று யோசனை. இந்த முறை மாமனாரும் வருகிறார். எழுபத்திரண்டு வயசு, மூட்டு வலி, அதிக தூரம் நடக்க மாட்டார். நிஜமாகவே அங்கே மான் இருக்கிறதா, எந்த நேரம் போகணும், பூநாரை பார்க்க முடியுமா, சுற்று வட்டாரத்தில் பெரியவருக்கும் பிடிக்கிற மாதிரி வேறு என்ன இருக்கிறது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள். "இயற்கை எழில் கொஞ்சும்" மாதிரி வேண்டாம், அதெல்லாம் படித்துவிட்டுத்தான் போன தடவை போனோம்.

---

அரைடிக்கெட் எழுதியது:

மான் மட்டும்தான் வேணும்னா மெட்ராஸ் வந்து கிண்டி பூங்காவைப் பாருங்க. அங்கயும் இதே வெளிமான்தான். மெட்ரோவுல வந்து இறங்கலாம், எட்டு மணி நேரம் கார் ஓட்ட வேணாம்.

---

உப்பளத்தான் எழுதியது:

அக்கா, நீங்க போனது பன்னண்டரைக்கு. அந்த நேரத்துல எங்க ஊர் ஆடுகூட வெளிய நிக்காது.

நான் வேதாரண்யத்துக்கும் கோடியக்காட்டுக்கும் நடுவுல இருக்குற ஒரு கிராமத்துல பொறந்தவன். அப்பா உப்பளத்துல வேலை பார்த்தவர். இப்ப திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலை, ஆனா பொங்கலுக்கு ஊருக்குப் போனா ஒரு காலையாவது காட்டுக்குள்ள போகாம திரும்ப மாட்டேன். அதனால இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கு.

எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணுதான். கேட்டைத் தாண்டினதும் ரெண்டு பக்கமும் மரம். கார் கண்ணாடியை இறக்கிட்டு மரத்துக்கு நடுவுல மான் தேடுறாங்க. அங்க தேடினா வருஷம் பூரா தேடினாலும் வெளிமான் கிடைக்காது. அது பாலைமரக் காடு. பாலை, காரை, நாவல்னு அடர்த்தியா, வருஷம் முழுக்கப் பச்சையா நிக்கும். அதுக்குள்ள இருக்குறது புள்ளிமான், நரி, பன்னி, உங்க முறுக்கைத் தூக்கினவங்க. வெளிமான் பேருக்கேத்த மாதிரி வெட்டவெளிக்காரன். அதுக்கு ஒளிஞ்சுக்கத் தெரியாது, ஓடத்தான் தெரியும். நாலு பக்கமும் கண்ணு எட்டுற இடத்துலதான் அது நிம்மதியா மேயும். அதனால மரத்தைத் தாண்டி கடல் பக்கம் வர்ற புல்வெளி வரைக்கும் போகணும். காட்சிக் கோபுரம் இருக்குற பக்கம் போனாப் போதும்.

நேரம்: காலைல கேட் திறந்ததும் முதல் வண்டி உங்களோடதா இருக்கணும். எட்டரைக்குள்ள முடிச்சுக்கணும். இல்லேன்னா சாயங்காலம் நாலுக்கு மேல. ரெண்டுக்கும் நடுவுல அதெல்லாம் எங்கயாவது நிழல்ல படுத்து அசை போட்டுட்டு இருக்கும்.

போனதும் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைச்சிட்டு உக்காந்துடுங்க. சுத்தாதீங்க. நாப்பது நிமிஷம் ஒரே இடம். பையன் நெளிவான். அவனுக்கு ஒரு வேலை குடுங்க: புழுக்கைக் குவியல் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கச் சொல்லுங்க. நிஜமாத்தான் சொல்றேன். பெரிய கிடா தன் இடத்தை வளைச்சுப் போடுறது புழுக்கையாலதான். தினமும் அதே இடத்துல வந்து போடும். புல்லுக்கு நடுவுல கரும்புள்ளியா, ஒரு முறம் அகலத்துக்குத் தெரியும். அந்தக் குவியல் புதுசா ஈரமா இருந்துச்சுன்னா முதலாளி பக்கத்துலதான் நிக்கிறாருன்னு அர்த்தம். முதுகு கருகருன்னு, வயிறு வெள்ளை, கண்ணைச் சுத்தி வெள்ளை வளையம், கொம்பு ரெண்டும் கயிறு முறுக்கின மாதிரி. பெட்டைக்குக் கொம்பு கிடையாது, நிறமும் காய்ஞ்ச புல்லு நிறம். நூறு அடி தள்ளி இருபது பெட்டை மேஞ்சாலும் முதல்ல கண்ணுக்கே தெரியாது. ஒண்ணு தலையைத் தூக்கும், அப்புறம் பக்கத்துல இன்னொண்ணு, திடீர்னு அந்த இடமே மானா இருக்கும். போன தடவை நீங்க அதைப் பார்த்துட்டே தாண்டிப் போயிருக்கவும் வாய்ப்பு இருக்கு.

நீங்க பார்த்த குதிரை: நாங்க மட்டக்குதிரைன்னு சொல்லுவோம். ஒரு காலத்துல வீட்டுக் குதிரையா இருந்து விட்டுப்போனதோட வம்சம், இப்ப தலைமுறை தலைமுறையா காட்டுலயே பொறந்து வளருது. பார்க்க அழகு. ஆனா மான் திங்குற அதே புல்லைத்தான் அதுவும் திங்குது. இதுல இன்னொரு கூத்து, சீமைக்கருவேல நெத்தைத் தின்னுட்டு சாணியில விதையைப் போட்டுட்டே போகும். அந்த முள்ளு முளைச்ச இடத்துல புல்லு வராது. வெட்டவெளி சுருங்கினா வெளிமானுக்கு என்ன மிச்சம்? வனத்துறை முள்ளை வெட்டிட்டே இருக்காங்க, அதுவும் முளைச்சிட்டே இருக்கு.

அரைடிக்கெட் சார், கிண்டி மான் நல்ல மான்தான். ஆனா அதுக்குப் பின்னாடி கட்டடம் தெரியும். இங்க பின்னாடி கடல் தெரியும்.

தை அமாவாசைக்கு மட்டும் வந்துடாதீங்க. கோடியக்கரை ஆதிசேது, அன்னிக்கு முழுக்குப் போட சுத்துப்பட்டு ஜனம் அத்தனையும் வரும். பஸ், வேன், ஆட்டோ எல்லாம் அந்த ஒரே ரோட்டுல. தேதியைக் காலண்டர்ல பார்த்துட்டு ஒரு வாரம் தள்ளி வாங்க.

---

லென்ஸ்மூடி எழுதியது:

மேலே எழுதினவர் மானைப் பற்றிச் சொன்னது எல்லாம் சரி. ஆனால் கோடியக்கரைக்கு பிப்ரவரியில் போய் மானை மட்டும் பார்த்துவிட்டு வருவது, கல்யாண வீட்டுக்குப் போய் மோர் மட்டும் குடித்துவிட்டு வருவது மாதிரி.

1967இல் சரணாலயம் ஆனது வெளிமானுக்காகத்தான். ஆனால் 2002இல் ராம்சர் என்கிற உலகச் சதுப்பு நிலப் பட்டியலில் சேர்ந்து உலகத்துக்குத் தெரிந்தது இந்தச் சதுப்பு நிலத்தால், அதில் வந்து இறங்கும் பறவைகளால். பறவை ஆய்வாளர் சலீம் அலி வந்து தங்கிப் பார்த்த இடம். அவர் சார்ந்திருந்த மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டி விடுகிறது. சைபீரியாவில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற சின்ன உள்ளான் இங்கே வந்து சேற்றைக் கிளறிக்கொண்டு திரியும். வளைமூக்கு உள்ளான், பட்டாணி உப்புக்கொத்தி, ஊசிவால் வாத்து, ஆலா, கூழைக்கடா எல்லாம் பார்க்கலாம்.

பூநாரைக்கு மட்டும் யாரும் உத்தரவாதம் தர முடியாது. அது தண்ணீரின் ஆழத்தைப் பார்த்து வருகிற பறவை. முழங்கால் முங்கினால் போதும் என்கிற அளவில் தண்ணீர் இருந்தால் தலையைக் கவிழ்த்துப் போட்டு அரித்துச் சாப்பிடும். மழை கூடினாலும் வேறு பக்கம், காய்ந்தாலும் வேறு பக்கம். நான் நான்கு முறை போனதில் இரண்டு முறை பார்த்தேன், ஒரு முறைதான் பக்கத்தில். உங்களிடம் பைனாகுலர் இல்லையென்றால் யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் போனால் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடுதான்.

ஒன்றில் மட்டும் அவரோடு ஒத்துப்போக மாட்டேன். காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் படம் கிடைக்காது. இறங்கி, தரையோடு தரையாகப் படுத்து நகர்ந்தால் கிடாவை முப்பது அடியில் எடுக்கலாம்.

---

உப்பளத்தான் எழுதியது:

சார், தயவு செஞ்சு அப்படிச் சொல்லாதீங்க. உங்களுக்குப் படம் கிடைக்கும், சரி. உங்களைப் பார்த்துப் பத்துப் பேர் புல்வெளியில இறங்குவான். குட்டி போட்ட பெட்டை குட்டியைப் புல்லுக்குள்ள படுக்க வச்சிட்டுத் தள்ளிப்போய் மேயும். ஆள் வந்தாலும் குட்டி அசையாது, அப்படியே தரையோட ஒட்டிக் கிடக்கும். நீங்க தரையோட தரையா நகர்ற இடத்துல அது படுத்திருந்தா? நாயால சாகுற மான் ஏற்கெனவே இருக்கு. மனுஷன் பாதையிலயே இருக்கட்டும்.

பறவை விஷயத்துல நீங்க சொன்னதை ஒத்துக்கறேன். எனக்கு அவ்வளவா பேர் தெரியாது. எங்க ஊர்ல குச்சிக்கால்ல ஓடுறது எல்லாமே உள்ளான்தான்.

---

மலைக்கோட்டைப் பொண்ணு எழுதியது:

ரொம்ப நன்றி தம்பி, நன்றி சார். புழுக்கைக் குவியலைப் படித்துக் காட்டியதும் பையன் இப்போதே நோட்டுப் போட்டு வைத்துவிட்டான்.

காலை ஆறு மணிக்கு அங்கே இருக்கணும் என்றால் முதல் நாள் ராத்திரியே வந்து தங்கணும். எங்கே தங்குவது? மாமனாருக்குக் கோயில் என்றால் உயிர். அப்புறம், உப்பளம் என்று சொன்னீர்கள், உள்ளே போய்ப் பார்க்க விடுவார்களா?

---

உப்பளத்தான் எழுதியது:

தங்குறதுக்கு வனத்துறையோட பூநாரை இல்லம் கோடியக்கரையிலயே இருக்கு. நாகப்பட்டினம் வன உயிரின அலுவலகத்துல முன்னாடியே கேட்டு வாங்கணும். கிடைக்கலேன்னா வேதாரண்யத்துல லாட்ஜ் இருக்கு, அங்கேர்ந்து பதினோரு கிலோமீட்டர்தான். பெரியவரை வச்சுக்கிட்டு வேதாரண்யமே வசதி. கோடியக்கரையில ராத்திரி ஒரு மாத்திரை வேணும்னாலும் அலையணும்.

சாப்பாடு: வேதாரண்யத்துல காலைல அஞ்சரைக்கே இட்லிக் கடை திறந்துடும், பொட்டலம் கட்டிட்டுப் போங்க. ஆனா காட்டுக்குள்ள பிரிக்காதீங்க. காரணம் உங்களுக்கே தெரியும்.

உங்க மாமனாருக்கு: வேதாரண்யேஸ்வரர் கோயில் ஏற்கெனவே பார்த்தாச்சு. அப்பரும் சம்பந்தரும் பாடிக் கதவைத் திறந்து மூடின இடம்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். அவருக்கு இன்னும் பிடிக்கப்போறது கோடியக்காட்டுல இருக்குற குழகர் கோயில். சின்னக் கோயில், கூட்டமே இருக்காது. சுந்தரர் வந்து, இந்தக் கடல் காத்துல, துணைக்கு ஒரு குடிகூட இல்லாத இடத்துல இப்படித் தனியா உக்காந்திருக்கியேன்னு சாமியைப் பார்த்து வருத்தப்பட்டுப் பாடின தலம். இன்னிக்கும் சாயங்காலம் போய் நின்னீங்கன்னா அவர் என்ன சொன்னார்னு காத்தே சொல்லும். பக்கத்துலயே ராமர் பாதம்னு ஒரு மணல் மேடு. இந்தப் பக்கத்துலயே உசரமான இடம் அதுதான், உசரம்னாலும் ஒரு மாடி அளவுதான் வரும். ஏறுறது கஷ்டம் இல்ல, மெதுவா கூட்டிட்டுப் போங்க. மேல நின்னா சதுப்பு பூரா தெரியும்.

அகத்தியம்பள்ளியில உப்பு சத்தியாகிரக நினைவுத் தூண் ரோட்டோரத்துலயே இருக்கு. 1930 ஏப்ரல் 13ஆம் தேதி உங்க திருச்சியிலேர்ந்துதான் ராஜாஜி கூட்டத்தோட நடக்க ஆரம்பிச்சாரு. 30ஆம் தேதி இங்க உப்பு அள்ளிக் கைதானாரு. நீங்க நாலு மணி நேரத்துல வர்ற தூரத்தை அவங்க வழியெல்லாம் தங்கித் தங்கி ரெண்டு வாரத்துக்கு மேல நடந்திருக்காங்க. வழியில அவங்களுக்குச் சோறு போடக்கூடாதுன்னு வெள்ளைக்காரன் உத்தரவு. ஜனம் மரத்துல சோத்து மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டுட்டு ஒதுங்கிட்டதா எங்க ஊர்ப் பெரியவங்க சொல்லுவாங்க. பையனுக்கு அதைச் சொல்லுங்க.

உப்பளம் பத்தி. பெரிய கம்பெனி அளத்துக்குள்ள அனுமதி இல்லாமப் போக முடியாது. சின்னச் சின்ன அளம் ரோட்டோரத்துலயே இருக்கு, நிறுத்திட்டுக் கேட்டா யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க. வரப்புல மட்டும் நடங்க, பாத்தியில கால் வச்சுடாதீங்க. ஒரு பாத்தியை மிதிச்சு மட்டமாக்க எத்தனை நாள் ஆகும்னு உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மழைக்காலம் முழுக்க அளம் தண்ணிக்குள்ள கிடக்கும். தை பொறந்தாத்தான் தண்ணியை வடிச்சு, சேத்தை வாரி, பாத்தி கட்டுவாங்க. நீங்க வர்ற சமயம் அந்த வேலைதான் நடந்துட்டு இருக்கும். புது உப்பு பார்க்கக் கிடைச்சா அதிர்ஷ்டம். போன வருஷ உப்பைப் பனைமட்டை போட்டு மூடி வச்சிருப்பாங்க, தூரத்துலேர்ந்து பார்த்தா வரிசையா குடிசை கட்டின மாதிரி இருக்கும். குடிசைன்னு நினைச்சு ஏமாந்தவங்க நிறைய.

உப்பு வாருறது விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடும். வெயில் ஏறிட்டா கீழேர்ந்தும் மேலேர்ந்தும் வெளிச்சம் அடிக்கும். எங்க அப்பா வேலை முடிஞ்சு வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் தூணைப் பிடிச்சுட்டு அப்படியே நிப்பாரு. உள்ளே ஒண்ணும் தெரியாது அவருக்கு. "யாருடா அது?"ன்னு கேட்பாரு. நான் எதுக்க நிப்பேன்.

2018 நவம்பர் 16 கஜா புயல் எங்க தலைமேலயே கரை ஏறுச்சு. அளத்துல சேறு, வீட்டுக்குப் பின்னாடி நாப்பது தென்னை மொத்தமா கீழ. காட்டுலயும் அதே கதை, மானும் குதிரையும் செத்துக் கரை ஒதுங்கினதை எங்க ஊர்ப் பசங்க பார்த்தாங்க. நீங்க காட்டுக்குள்ள இப்பவும் சாஞ்ச மரம், மொட்டை மரம் பார்ப்பீங்க, அது எப்படி ஆச்சுன்னு தெரிஞ்சுக்கட்டும்னு சொன்னேன். அந்த வருஷத்துக்கு அப்புறம்தான் நான் திருப்பூர் வந்தது.

ரயிலும் இருக்கு. திருத்துறைப்பூண்டி அகத்தியம்பள்ளி லைன் ரொம்ப வருஷம் மூடிக் கிடந்துட்டு 2023 ஏப்ரல்ல மறுபடி ஓட ஆரம்பிச்சுது. முப்பத்தேழு கிலோமீட்டர். நாளுக்கு எண்ணிச் சில தடவைதான், நேரம் பார்த்துக்கோங்க. பையனுக்காக ஒரு பக்கம் மட்டும் போகலாம், கார் பின்னாடி வரட்டும். கடைசி ஸ்டேஷன்ல இறங்கினா கண்ணுக்கு எதுக்க உப்பளம்.

---

அரைடிக்கெட் எழுதியது:

நான் கிண்டின்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன்.

---

மலைக்கோட்டைப் பொண்ணு எழுதியது:

போய் வந்துவிட்டோம்! நேற்று ராத்திரிதான் வந்தோம், துணி துவைக்கும் முன் எழுதுகிறேன்.

பூநாரை இல்லம் கிடைக்கவில்லை, வேதாரண்யம் லாட்ஜில் தங்கினோம். ராத்திரி முழுக்கக் கொசு. காலை ஐந்தரைக்குக் கிளம்பியும் நாங்கள் முதல் வண்டி இல்லை, மூன்றாவது. மரத்தைத் தாண்டிப் புல்வெளி வந்ததும் காரை ஓரம் கட்டினோம். பனி இன்னும் விலகவில்லை. பத்து நிமிஷம் ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் "போன தடவை மாதிரிதான்" என்று ஆரம்பித்தார். பையன்தான் ரகசியம் பேசுகிற குரலில் "அம்மா, முறம்" என்றான். நான் முதலில் புரியாமல் முழித்தேன். அவன் காட்டிய இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம். அதற்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி, பனிக்குள் இரண்டு கொம்பு மட்டும் தெரிந்தது. உடம்பு தெரியவே இல்லை. வெயில் வர வரத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுத்து, முதுகு என்று வந்தது. அது எங்களைப் பார்த்தது, பார்த்துவிட்டு நிதானமாக நடந்து வந்து அந்தக் குவியல் மேலேயே நின்று தன் வேலையை முடித்துக்கொண்டு போனது. என் பையனுக்கு அதில்தான் பரம சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டான்.

பெட்டை மான்களை எண்ணத் தொடங்கி முப்பத்து நான்கில் விட்டுவிட்டேன். ஒரு வண்டி ஹாரன் அடித்ததும் மொத்தக் கூட்டமும் துள்ளியது பாருங்கள், ஓடவில்லை, நின்ற இடத்திலிருந்து நாலு காலும் தரையில் படாமல் மேலே மேலே எழும்பி எழும்பிப் போனது. மாமனார் கை தட்டிவிட்டார், நான் அடக்கினேன்.

பூநாரை, லென்ஸ்மூடி சார் சொன்ன அதே கோடுதான். இரவல் பைனாகுலரில் பார்த்தால் கோட்டில் கால் இருந்தது. அதுவே போதும்.

மாமனார் குழகர் கோயிலை விட்டுக் கிளம்பவே மாட்டேன் என்றார். அங்கே உட்கார்ந்து அந்தப் பதிகத்தை மெதுவாகச் சொன்னார். இருபது வருஷத்தில் அவர் பாடிக் கேட்டதே இல்லை நான். குருக்களும் நாங்களும்தான் இருந்தோம்.

உப்பளத்தில் ஒரு அம்மா பாத்தி மிதித்துக்கொண்டிருந்தார். கேட்டதும் வரப்பில் வரச் சொன்னார், பனைமட்டையை ஒரு மூலையில் தூக்கி உள்ளே காட்டி, ஒரு கட்டி உப்பை உடைத்துப் பையன் கையில் வைத்தார். காசு வாங்கவில்லை. பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான், டவுசர் முழுக்க ஈரம்.

தம்பி, ஒரே ஒரு கேள்வி. வேதாரண்யம் கடைத்தெருவில் ஒருவர் "இப்ப எதுக்கு வந்தீங்க, பாலைப்பழம் வர்றப்ப வாங்க" என்றார். அது எப்போது?

---

உப்பளத்தான் எழுதியது:

அக்கா, படிச்சிட்டு அம்மாவுக்கும் போன்ல படிச்சுக் காட்டினேன். பாத்தி மிதிச்சவங்க யாரா இருக்கும்னு ரெண்டு பேரும் யோசிச்சிட்டு இருக்கோம்.

பாலைப்பழம் கோடை வெயில் ஏறினதும், மே ஜூன் வாக்குல. வேப்பம்பழம் சைஸ்ல மஞ்சளா இருக்கும், படியில அளந்து குடுப்பாங்க. அப்ப வெயில் மண்டையைப் பிளக்கும், மானுக்கே வனத்துறை தொட்டியில தண்ணி ஊத்துற காலம், பெரியவரைக் கூட்டிட்டு வராதீங்க. பழம் இனிப்புதான், ஆனா பாலு உதட்டுல பிசின் மாதிரி ஒட்டிக்கும். சாப்பிடுறதுக்கு முன்னாடி பையனுக்கு உதட்டுல கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவிவிட்டுடுங்க.